‘புதுப்பித்தல்’ என்று மட்டும் எழுதி வேலையை விடாதீர்கள்: எங்கள் ஊர்த் திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிவன் கோயில் திருப்பணிக் குழுத் தலைவர் ஐயாவுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், உபயதாரர்களுக்கும்,

திருப்பணி வேலைகளின் மதிப்பீட்டுப் பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. விமானம் புதுப்பித்தல், மகாமண்டபம் புதுப்பித்தல், அம்மன் சந்நிதி புதுப்பித்தல், திருச்சுற்று புதுப்பித்தல், மதில் புதுப்பித்தல். வரிக்கு வரி இதே சொல். என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விவரம் மூன்றே இடத்தில்தான் இருக்கிறது. கல்சுவர்களை ‘மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்தல்’, தரைக்குக் ‘கிரானைட் பலகை பதித்தல்’, மண்டபத் தூண்களுக்கு ‘எனாமல் வர்ணம்’. விவரம் இருக்கும் இந்த மூன்றும் செய்யவே கூடாதவை. விவரம் இல்லாத மற்ற இடங்களில் என்ன நடக்கும் என்பது காண்ட்ராக்டர் கையில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று சிலர் கேட்கலாம். என் அப்பா சுண்ணாம்புக் கொத்தனார். இந்த மாவட்டத்தில் பல கோயில்களில் சாரம் ஏறியவர். நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

முதலில் கண்ணெதிரே இருப்பதைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு முந்தைய திருப்பணியில் மணல் வீச்சு நடந்தது. உங்களில் சிலர் அப்போதும் குழுவில் இருந்தீர்கள். அதற்கு முன்னால் அந்தக் கோயிலின் தெற்குச் சுவருக்கு என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். அடித்தளக் கல்லில் வரி வரியாக எழுத்து. ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஆடுகள் விட்ட செய்தி அது. ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரைப் பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள். ஆடு எப்படி டீச்சர் சாகாமல் மூப்படையாமல் இருக்கும் என்று கேட்பார்கள். கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் நிபந்தனை என்று விளக்குவேன். அறக்கட்டளை என்றால் என்ன, அதை எப்படித் தலைமுறை தாண்டி நடத்தினார்கள் என்று ஒரு வகுப்பையே அந்த ஒரு தொடரை வைத்து நடத்திவிடலாம்.

இப்போது போய்ப் பாருங்கள். எழுத்து இருந்த இடம் தெரியும், எழுத்து தெரியாது. உளி வெட்டிய கூர் விளிம்புகள் எல்லாம் மழுங்கிவிட்டன. வெளிச்சம் சாய்ந்து விழும்போது அங்கங்கே ஒரு ‘க’வும் ஒரு ‘ர’வும் மேலே வரும், அவ்வளவுதான். ஒரு செய்தியாக இனி அதை யாரும் படிக்க முடியாது. கல்வெட்டு போனது மட்டும் இல்லை. பக்கத்திலிருக்கும் தேவகோட்டத்துச் (சுவர் மாடத்து) சிற்பத்தின் விரல் நுனிகளையும் மார்பு அணிகளின் முத்துக்களையும் பாருங்கள். ஒரு சுற்று தேய்ந்திருக்கும்.

கம்ப்ரசரில் அழுத்தம் ஏற்றிக் குழாய் வழியே மணலைப் பீச்சினால், அழுக்கு எது, கல் எது என்று மணலுக்குத் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லின் மேல்தோலும் போகும். இங்கே இன்னொன்றும் நடக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சிற்பி தேய்த்து வழவழப்பாக்கி விட்டுப்போன பரப்பு, மணல் பட்ட பிறகு அம்மி கொத்தின மாதிரி சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பான கல்லில் தூசியும் எண்ணெயும் முன்னைவிட வேகமாக ஏறும், ஈரம் தங்கும், பாசி பிடிக்கும். பெருமாள் கோயில் சுவர் கும்பாபிஷேகத்தன்று பளிச்சென்று இருந்தது. இன்றைக்கு அது நம் சிவன் கோயில் சுவரைவிடக் கறுப்பு. சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள், நடந்துபோகும் தூரம்தானே. அந்த வேலை செய்த பையன்கள் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கல்தூசியைச் சுவாசித்தார்கள். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை.

இது என் சொந்தக் கருத்து என்று தள்ளிவிட வேண்டாம். மணல் வீச்சு கூடாது என்று இந்து சமய அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் யுனெஸ்கோ குழு ஒன்று தமிழகக் கோயில்களைப் பார்வையிட்டு 2017-ல் அறிக்கை கொடுத்தது. பழங்கட்டடப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் இல்லாமலேயே வேலைகள் நடக்கின்றன என்று அது குறை சொன்னது. 2021 ஜூனில் அதே நீதிமன்றம் கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் பற்றி 75 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. இவ்வளவுக்கும் பிறகு நம் ஊர்ப் பட்டியலில் ‘மணல் வீச்சு’ என்று அச்சடித்தே வருகிறது என்றால், அந்தப் பட்டியலை யார் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள்?

சரி, அந்த ‘புதுப்பித்தல்’ விஷயத்துக்கு வருகிறேன். சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று நினைக்காதீர்கள். பணமும் பொறுப்பும் அந்தச் சொல்லில்தான் இருக்கின்றன.

அப்பா காலையில் கிளம்பும்போது கோயிலைப் புதுப்பிக்கப் போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்குச் சந்து (கல் இடுக்கு) அடைக்கிற வேலை என்பார். இன்னொரு நாள் பூச்சு உரிக்கிற வேலை. வேர் எடுப்பது, ஒட்டுப் போடுவது, முட்டுக் கொடுப்பது, தளம் அடிப்பது, கல்லைப் பிரித்து எண் போட்டு மறுபடி அடுக்குவது, சுதை (சுண்ணாம்புக் காரை உருவங்கள்) சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. ஆள் வேறு, பொருள் வேறு, கூலி வேறு, ஆகிற நாளும் வேறு. சந்து அடைக்க வேண்டிய சுவரைப் பிரித்துக் கட்டினால் அவர் காலத்தில் அது மேஸ்திரிக்கு அவமானம்.

கொத்தனாரை விடுங்கள், நம் சிவாச்சாரியாரையே கேளுங்கள். கும்பாபிஷேகத்திலேயே நான்கு வகை சொல்வார். புதிதாகக் கோயில் எடுத்துப் பிரதிஷ்டை செய்தால் ஆவர்த்தம். பூசையற்றுச் சிதைந்து கிடந்ததை மறுபடி எழுப்பினால் அனாவர்த்தம். வழிபாட்டில் இருக்கும் கோயிலின் பழுதுகளைச் சரிசெய்து நடத்துவது புனராவர்த்தம். திருட்டு முதலான தீட்டு நேர்ந்த பிறகு செய்வது அந்தரிதம். கோயில் எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்த்து அதற்கேற்ற கிரியை. நம் கோயிலில் நடக்க வேண்டியது புனராவர்த்தம். பழுதைப் பார்த்துப் பழுதை மட்டும் நீக்குகிற வேலை. மந்திரத்தில் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம், மதிப்பீட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா?

நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘மகாமண்டபம் புதுப்பித்தல்’ என்ற வரிக்கு எதிரே ஒரு பெரிய தொகை இருக்கிறது. அதில் கூரையின் பழைய தளத்தை உரித்தாலும் புதுப்பித்தல்தான், உரிக்காமல் மேலே கான்கிரீட் கொட்டினாலும் புதுப்பித்தல்தான். தூணுக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போனாலும் புதுப்பித்தல்தான். நாளைக்கு ஒழுகினால், என்ன செய்வதாக ஒப்புக்கொண்டீர்கள் என்று யாரும் காண்ட்ராக்டரைக் கேட்க முடியாது. பில் பாஸாகிவிடும்.

நம் முன்னோர் இதில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது. அங்கே வைத்தியநாத சுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், உத்தரவிட்டான். அந்த உத்தரவோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. பிரிப்பதற்கு முன்னால் சுவரிலுள்ள கல்வெட்டுகளையெல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். கட்டி முடிந்து, அவன் மகன் இராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அரசனே மாறிவிட்டான். ஆனாலும் புத்தகம் தொலையவில்லை, வேலையும் மறக்கவில்லை. இதை நான் கதையாகச் சொல்லவில்லை, அந்தக் கோயில் சுவரே சொல்கிறது.

அதற்கும் முன்னால் செம்பியன் மாதேவியார். கண்டராதித்தரின் தேவி, செங்கல் தளிகளாக இருந்த பல கோயில்களைக் கற்றளியாக்கியவர், அதாவது கற்கோயிலாக எடுத்தவர். திருக்கோடிகாவலில் அவர் கற்றளி எடுத்தபோது, பழைய கோயிலில் சிதறிக்கிடந்த கல்லெழுத்துகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். வெட்டிய இடத்தில் ‘பழங்கற்படி’ என்று குறிப்பும் போட்டார்கள். இது எங்கள் காலத்து ஆவணம் இல்லை, பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்று ஒளிக்காமல் சொல்லும் குறிப்பு அது. அந்தப் பழைய கல்வெட்டுகளில் இருந்தவை அவருடைய கொடைகள் இல்லை. வேறு அரசர்கள் காலத்தில் யார் யாரோ கொடுத்தவை. தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அரண்மனை ஓலையில் இருந்த அந்த நிபந்தனை, இன்றைக்கு நம் மதிப்பீட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை. ‘கல்வெட்டு’ என்ற சொல்லே பட்டியலில் ஓர் இடத்தில்தான் வருகிறது. உபயதாரர் பெயர்க் கல்வெட்டு வைக்க ஒதுக்கிய தொகைக்கு எதிரே! (உபயதாரர்கள் கோபிக்க வேண்டாம். வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு டியூப்லைட்டில் பெயர் எழுதுகிற ஊர் நம் ஊர். அதைவிடக் கல்லில் வெட்டுவது எவ்வளவோ மேல்.)

படியெடுப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை எழுத்தின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் அமுக்கி, காய்கிற பதத்தில் மை ஒற்றி எடுப்பார்கள். 1887 முதல் ஆண்டறிக்கை போட்டு இந்தியக் கல்வெட்டுத் துறை செய்துவரும் வேலைதான். மாநிலத் தொல்லியல் துறையிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் கோயிலின் வடக்குச் சுவரில் பாதி வரிகள் பின்னால் கட்டிய மடைப்பள்ளிச் சுவருக்குள் நுழைந்து மறைகின்றன. எனக்குத் தெரிந்து அவற்றை யாரும் முழுதாகப் படித்ததில்லை. மடைப்பள்ளிச் சுவரை இடித்துக் கட்டும் திட்டம் உங்களிடம் இருக்கிறது. அதை இடிக்கிற அன்றைக்கு அந்த வரிகள் வெளிச்சத்துக்கு வரும். அன்றைக்கு அங்கே யார் நிற்க வேண்டும்? படிக்கத் தெரிந்தவரா, மணல் குழாயைப் பிடித்தவரா?

அடுத்தது விமானம். இங்கே சிமெண்ட் பற்றிப் பேசியே ஆக வேண்டும். இதில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டுச் சோறு இதிலிருந்து வந்தது.

நம் விமானம் கீழே கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், அதன் மேல் சுதை உருவங்கள். சுண்ணாம்பைச் சுட்டு, குழியில் தண்ணீர் விட்டு நீற்றி, வாரக்கணக்கில் ஈரம் காயாமல் புளிக்க வைப்பார்கள். மணலைச் சேர்த்து மாடு கட்டிச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயை ஊறவைத்த தண்ணீர், வெல்லக் கரைசல் எல்லாம் சேரும். அப்பா விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று என்பார். வெண்ணெய் பதம் வராத காரையைக் கரணையால் தொடமாட்டார். அது உடனே இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும், வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். செங்கல்லுக்குள் போன மழை ஈரத்தை வெயில் வந்ததும் அதே காரை வெளியே விட்டுவிடும்.

சிமெண்ட் அப்படி விடாது. பழைய செங்கல் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் எங்கேயாவது ஒரு கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், திரும்ப வர வழி இருக்காது. உள்ளே உப்புப் பூக்கும். செங்கல் மாவாக உதிரும். மேலே பூச்சு மட்டும் கெட்டியாக நிற்கும். பெருமாள் கோயில் விமானத்தில் வடமேற்கு மூலைக் கருடன் இறக்கையோடு பெயர்ந்து விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விழுந்த துண்டை நான் எடுத்துப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு மேல் சிமெண்ட், அதற்குள் துருவேறிப் பருத்த கம்பி, அதற்குப் பின்னால் கையால் அள்ளுகிற பதத்தில் செங்கல் தூள். நூற்றாண்டுகள் நின்ற கட்டுமானம் ஒரு திருப்பணியைத் தாங்கவில்லை.

தளமும் இதே கதைதான். மகாமண்டபம் ஒழுகுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒழுகுவதற்குக் காரணம், ஒவ்வொரு திருப்பணியிலும் பழையதை உரிக்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போட்டதுதான். ஏணி வைத்து ஏறி விளிம்பில் பாருங்கள், அடுக்கடுக்காகத் தெரியும். அவ்வளவு எடையையும் கீழேயுள்ள கல் உத்தரங்கள் தாங்குகின்றன. நந்திக்கு நேர் மேலே இருக்கும் உத்தரத்தில் கீறல் விட்டிருக்கிறது. அதற்கு இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த நிலையில் இன்னும் ஓர் அடுக்குக் கான்கிரீட் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. சேர்த்து வைத்த அடுக்குகளை நிதானமாக உரித்து எடை குறைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிச் சமன்செய்கிற பழைய முறையில் தளம் போட்டு, மேலே தட்டையான தட்டோடுகளைப் பதிக்க வேண்டும். தட்டுகிறபோது பாட்டு வேறு பாடுவார்கள். நாள் ஆகும். ஆனால் ஒழுகாது.

கிரானைட் பலகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சுற்றில் ஏற்கெனவே ஒருமுறை தரையை உயர்த்தியதில் அடித்தளத்தின் கீழ் வரிசைக் கல்லான ஜகதி பாதி புதைந்துவிட்டது. இன்னொரு முறை உயர்த்தினால் அதற்கு மேல் வரிசையான குமுதம் வரைக்கும் மண்ணுக்குள் போகும். அங்கேதான் எழுத்து இருக்கிறது. மழைத்தண்ணீர் வெளியே ஓடாமல் கருவறைச் சுவர்ப் பக்கம் தேங்கும். வயதானவர்கள் ஈரத்தில் வழுக்கி விழுவதும் வெயிலில் பாதம் பொசுங்குவதும் தனி. எனாமல் வர்ணத்துக்கு ஒரு வாக்கியம் போதும்: கருங்கல்லுக்கு வர்ணம் தேவையில்லை.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. கோயில் என்றால் பளபளவென்று இருக்க வேண்டும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்கிறோம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகள் வந்து பார்க்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களே என்று தலைவர் ஐயா கூட்டத்தில் சொன்னார். நியாயமான கவலை. பணம் கொடுத்தவருக்கு வேலை கண்ணில் தெரிய வேண்டும். சந்து அடைத்ததும் வேர் எடுத்ததும் போட்டோவில் தெரியாது, மஞ்சள் வர்ணம் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், செய்த வேலையை விளக்குங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம், நடுவில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு வைத்து ஒரு புத்தகம் போடுங்கள். கல்வெட்டுகளின் வாசகத்தையும் அதில் சேருங்கள். கும்பாபிஷேக மலருக்கு ஆகிற செலவுதான் ஆகும். நம் ஊர்க் கோயிலுக்கு அன்றைக்கு விளக்கு வைத்தது யார், நிலம் விட்டது யார் என்று படித்தால் துபாயில் இருக்கிற பையன் சந்தோஷப்பட மாட்டானா?

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்றும் சொல்ல வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் பிற்காலத்தில் ஒட்டவைத்த பலவற்றை அகற்றி மரபு முறையில் வேலை செய்தார்கள், 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அது பெரிய கோயில், பெரிய பணம் என்பீர்கள். கும்பகோணம் பக்கத்தில் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலைப் பாருங்கள். அதுவும் நம் ஊர் போலச் சின்ன ஊர்தான். மரம் முளைத்துச் சிதைந்து நின்ற கோயிலை மரபு முறையில் எடுத்து நிறுத்தினார்கள். அதற்கும் யுனெஸ்கோ விருது வந்தது. குழுவில் நான்கு பேர் ஒரு வேன் எடுத்துப் போய் அங்கே வேலை பார்த்த ஸ்தபதியிடமும் கொத்தனார்களிடமும் பேசிவிட்டு வரலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இல்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இனி நான் கேட்பவை.

மணல் வீச்சு என்ற வரியைப் பட்டியலிலிருந்து எழுத்துப்பூர்வமாக நீக்குங்கள். வாய்வார்த்தையாகச் செய்யமாட்டோம் என்றால் போதாது. பெருமாள் கோயிலிலும் அப்படித்தான் சொன்னார்கள். கல்லில் ஏறிய எண்ணெயையும் கரியையும் தண்ணீர், நார் பிரஷ், தேவைப்பட்ட இடத்தில் தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவினர் சொல்லும் மென்மையான கரைசல் இவற்றால் எடுக்கலாம். கொஞ்சம் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும். அதோடு எனாமல் வர்ணத்தையும் கிரானைட் பலகையையும் நீக்குங்கள். அந்தத் தொகையில் திருச்சுற்றின் உயர்ந்த தரையைத் தோண்டி எடுத்து, ஜகதியை வெளியே கொண்டுவந்து, பழைய கற்பாவு போட்டு நீரோட்டம் விடுங்கள்.

பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். ‘புதுப்பித்தல்’ என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம், எந்த இடத்தில் என்ன பழுது, அதற்கு என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை நாள் என்று நான்கு விவரம் வேண்டும். பிரிக்க வேண்டிய கல் எது, தொடவே கூடாத கல் எது என்று படத்தில் குறித்துக் காட்ட வேண்டும். விமானத்துக்கும் தளத்துக்கும் சுண்ணாம்புக் காரை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த வேலையைச் செய்து முடித்த அனுபவம் உள்ள குழுவுக்கு மட்டும் கொடுங்கள். பழைய காரையில் ஒரு துண்டை எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, அதன் கலவையை அறிந்த பிறகு புதுக் காரையை அரையுங்கள்.

யாரும் சுவரில் கை வைப்பதற்கு முன்னால் கல்வெட்டுகள் முழுவதையும் படியெடுக்கவும் படம் பிடிக்கவும் தொல்லியல் துறைக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். மடைப்பள்ளிச் சுவரை இடிக்கிற அன்று கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் என் பொறுப்பு.

மண்டல வல்லுநர் குழு, மாநில வல்லுநர் குழு, தொல்லியல் வல்லுநர் ஆகியோரின் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகச் செயலாளர் சொன்னார். அந்தக் கடிதங்களின் நகலை ஊரார் பார்க்கும்படி வையுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது இந்தப் பட்டியலைத்தானா, வேறு பட்டியலையா என்று தெரிய வேண்டும். பதினைந்து நாளில் நகல் வெளிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, நாள். தை மாதம் கும்பாபிஷேகம் என்று நிச்சயித்துவிட்டு அதற்குள் வேலையை அடக்கப் பார்க்கிறீர்கள். சுண்ணாம்பு நீற்றவும் தளம் காயவும் ஆகிற நாளைப் பஞ்சாங்கம் குறைத்துத் தராது. பாலாலயத்தில் (திருப்பணி முடியும்வரை வைக்கும் தற்காலிகச் சந்நிதியில்) சுவாமிக்குப் பூசை நடந்துகொண்டுதான் இருக்கும், எதுவும் நின்றுபோகாது. அடுத்த தையோ அதற்கடுத்த வைகாசியோ, வேலை முடிந்த பிறகு முகூர்த்தம் பாருங்கள். ஆடி முடிவதற்குள் ஊர்க்கூட்டம் போட்டு இந்த ஒவ்வொன்றுக்கும் குழுவின் பதிலைச் சொல்லுங்கள். அதுவரை கம்ப்ரசர் வண்டி கோயில் மதிலுக்குள் வரக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கொத்தனார் மகள்